பிராக்ஸியும் லினக்ஸ் பொதிகளும்: திருவனந்தபுரத்தை முன்னிட்டு ஒரு சரித்திர ஆராய்ச்சி

1990ஆம் ஆண்டில் பாரத தேசத்தின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாக டெக்னோபார்க் தோன்றியதும், 2001 ஜூலை 20ஆம் தேதி சுதந்திர மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் இந்தியச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பெற்றதும், அதே ஆண்டில் பள்ளிகளுக்கான ஐ.டி. அட் ஸ்கூல் என்ற அரசுத் திட்டம் பிறந்ததும் திருவனந்தபுரத்தின் சரித்திரத்தில் அடங்குவதால், காவலுள்ள வலைக்குள் லினக்ஸ் யந்திரங்களைப் புதுப்பித்து வைக்கும் முறை வளர்ந்த விதத்தை ஆராயப் புகுவோர் அந்நகரத்தை முன்னிட்டுத் தொடங்குதல் பொருத்தமே.

பிராக்ஸி என்னும் இடைநிலை யந்திரம் ஆதியில் சிக்கனத்துக்காக ஏற்பட்டதன்று. காவற்சுவருக்குள் இருப்போரும் வெளியுலக வலையைக் காணவேண்டும் என்பதற்காகச் செர்ன் ஆய்வகத்தில் உருவாகி, 1994இல் ஜெனீவா மாநாட்டில் விவரிக்கப்பட்டது. ஒருவருக்காகக் கொணர்ந்ததைச் சேமித்து மற்றவருக்கும் வழங்கும் குணம் 1996இல் வந்த ஸ்க்விட் என்ற பிராக்ஸி மென்பொருளால் பிரசித்தி பெற்றது. வலைவழியே பொதிகளை, அதாவது மென்பொருள் மூட்டைகளை, தருவித்து நிறுவும் ஆப்ட் கருவி 1999 மார்ச்சில் டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் 2.1 பதிப்போடு வெளிவந்தது.

பிராக்ஸியும் ஆப்டும் சந்தித்த இடத்தில் பிறந்த தொல்லைகள் அநேகம். நிர்வாகி தம் ஷெல்லில் பிராக்ஸியின் விலாசத்தை எழுதிவைத்தாலும், நிர்வாக அதிகாரம் தரும் சூடோ கட்டளை தன் இயல்பான அமைப்பில் அதைக் களைந்துவிட்டே ஆப்டை இயக்குவதால், உலாவியில் எல்லாம் திறந்திருக்க, அப்டேட் மட்டும் நின்றுபோகும். (பழி லினக்ஸின் மேல் விழும், பிராக்ஸியை நிந்திப்பார் இல்லை.) ஆப்டின் சொந்த அமைப்புக் கோப்பில் விலாசத்தை எழுதினால் வேலை நடக்கும், ஆனால் கடவுச்சொல்லும் அங்கே பகிரங்கமாகக் கிடக்கும். ஸ்க்விட்டோ, தன் இயல்பான அமைப்பில் 4 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளைச் சேமிப்பதில்லை. ஆகவே எவற்றைச் சேமித்தால் லாபமோ அந்தப் பெரிய பொதிகளே யந்திரந்தோறும் புதிதாக இறங்கின.

எனினும் இச்சரித்திரத்தின் பிரதான மாறுதல் வேகத்தில் நிகழ்ந்ததன்று. நம்பிக்கையின் ஸ்தானத்தில் நிகழ்ந்தது. 2007இல் வந்த டெபியன் 4.0, வெளியீட்டுக் கோப்பின் கையொப்பத்தையும், அதனுள் அடங்கிய பட்டியலின் ஹாஷ் என்னும் சரிபார்ப்புக் குறியையும், பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொதியின் ஹாஷையும் சங்கிலிபோல் சோதிக்கும் முறையை இயல்பாக்கியதால், பொதி எந்த வழியில் வந்தது என்ற கேள்வி முக்கியத்துவம் அற்றதாயிற்று. அலுவலகத்துக்குள்ளேயே ஒரு பிரதிக் களஞ்சியம் வைத்து, அதிலிருந்து எல்லா யந்திரங்களையும் புதுப்பிப்பதற்கான தைரியம் இதிலிருந்தே கிடைத்தது. ஆனால், முதலிற் சொன்ன ஐ.டி. அட் ஸ்கூலும், 2017 முதல் அதன் வாரிசான கைட் நிறுவனமும் பள்ளிகளுக்கென்றே தொகுத்த லினக்ஸ், தனித்தனிப் பொதிகளாக அன்றி முழு இயங்குதளமாகவே வகுப்பறைக்குச் சென்றது; 2019இல் வந்த பதிப்புக்கு உபுண்டு 18.04 ஆதாரம்.

பின்னர், செய்தியை மறைகுறியிட்டு அனுப்பும் எச்டிடிபிஎஸ் முறை பரவவே, பிராக்ஸி தன்னைக் கடந்து செல்வதைப் பார்க்கவோ சேமிக்கவோ இயலாமற்போயிற்று. பார்க்கவேண்டுமெனில் ஸ்தாபனம் தன் சொந்த மூலச் சான்றிதழை ஒவ்வொரு யந்திரத்திலும் பதிக்கவேண்டும். உள்ளகக் களஞ்சியமே இதனினும் சிலாக்கியமான வழி என்பது என் துணிபு.

கையொப்பச் சங்கிலியும் குற்றமற்றதன்று. 2019 ஜனவரி 22ஆம் தேதி வெளிப்பட்ட பிழை ஒன்று, இடைநிற்கும் யந்திரம் திசைமாற்று விடையில் விஷமம் செய்து ஆப்டையே ஏமாற்றக்கூடும் என்று காட்டிற்று. பழுதான கருவியைக் கொண்டே அக்கருவியைப் புதுப்பிக்கவேண்டிய சங்கடத்தில், திசைமாற்றத்தை நிறுத்திவைத்துப் புதுப்பிக்குமாறு டெபியன் அறிவித்தது. மறுநாளே, இப்பிழையை முன்னிட்டு 9.7 பதிப்பையும் வெளியிட்டது.