கொங்கு நாட்டுக் கிணறுகளும் நிலத்தடி நீர்க் கணக்கும்

கொங்குப் பகுதி உழவர் தம் நிலத்தை வயல், தோட்டம், காடு என மூன்றாகப் பகுத்து வழங்கினர். வாய்க்கால் நீர் பாய்வது வயல். வானத்தை நம்பியது காடு. கிணற்று நீரால் விளைவது தோட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த இந்நிலப்பரப்பில் உழவு நிலைபெற்றதற்குத் தோட்டமே முதன்மைக் காரணம் எனலாம். 1887இல் வெளிவந்த நிக்கல்சனின் கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு கிணற்றுப் பாசனத்தைப் பேசுவதும் இது பற்றியே. ஈரோடு (1979), திருப்பூர் (2009) ஆகியன பிரிவதற்கு முந்தைய அப்பழைய மாவட்டத்தில் நிலத்தடி நீரைக் கணக்கிடும் முறை எந்தச் சூழலில் வந்து சேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இப்பகுதியின் அடித்தளம் நைஸ், சார்னோகைட் ஆகிய கடும்பாறைகளால் ஆனது. நீர் தங்குவது சிதைந்த மேலடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே. சிதைந்த பாறை தன் கன அளவில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீரை வடியவிடும் எனக் கொள்வோம். பருவமழைக்குப் பின் கிணற்று மட்டம் 3 மீட்டர் உயர்ந்தால் உண்மையில் சேர்ந்த நீர் 60 மில்லிமீட்டர் உயரமே. கண்ணுக்கு நிறைந்து தோன்றும் கிணறு கணக்கில் மிகச் சிறிது.

கவலை ஏற்றம் இருந்தவரை இச்சிறுமை பெரிதாக உறுத்தவில்லை. எருதுகள் இறங்கும் சரிவுப்பாதையின் நீளம் ஏறத்தாழ நீர் இறைக்கும் ஆழத்தை ஒத்திருக்க வேண்டும். கிணற்றை ஆழப்படுத்தினால் பாதையையும் நீட்ட வேண்டும். எருதுகளும் கூடுதலாக நடக்க வேண்டும். எவ்வளவு இறைக்கலாம் என்பதை வரையறுத்தவை சட்டமல்ல, கயிறும் கால்நடையும். நிலத்தின் கீழுள்ள நீரை எடுக்கும் உரிமையை நில உடைமையாளருக்கு அளித்த 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமும் இவ்வுலகத்துக்கு உரியதே.

1930களில் பைக்காரா மின்சாரம் சமவெளிக்கு வந்தபின் அவ்வரம்பு படிப்படியாகத் தளர்ந்தது. சிறு உழவருக்கு 1984இலும், எல்லா உழவருக்கும் 1990இலும் கட்டணமில்லா மின்சாரம் கிடைத்தது. கிணற்றுக்குள் பக்கத்துளைகளும், பின்னர் ஆயிரம் அடியைத் தாண்டும் ஆழ்துளைக் கிணறுகளும் வந்தன. உரிமை மட்டும் 1882இன் வடிவிலேயே நின்றது. 2003இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நிலத்தடி நீர் (மேம்பாடு மற்றும் மேலாண்மை) சட்டம் நடைமுறைக்கு வராமலே 2013இல் நீக்கப்பட்டது.

கணக்கோ இதற்குப் பின்னாலேயே நடந்து வந்தது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் 1970இல் உருவானது. நீர்வள மதிப்பீட்டுக் குழுவின் நெறிமுறைகள் 1984, 1997, 2015 ஆகிய ஆண்டுகளில் வந்தன. ஆண்டு ஊட்டத்தில் எடுத்துக்கொள்ளத்தக்க நீருக்கும் எடுக்கப்படும் நீருக்கும் உள்ள விகிதமே இதன் மையம். அது 100 விழுக்காட்டைக் கடந்தால் அப்பகுதி மிகை நுகர்வுப் பகுதியாகும். தமிழ்நாட்டில் இவ்வலகு முன்பு ஊராட்சி ஒன்றியமாகவும் பின்னர் குறுவட்டமாகவும் அமைந்தது. அலகு சுருங்கியது நன்றே. ஆயினும் கடும்பாறையில் அடுத்தடுத்த இரு கிணறுகளே ஒத்து ஊறுவதில்லை. குறுவட்டத்தின் சராசரியைப் பார்த்து எவரும் கிணறு வெட்டுவதுமில்லை.

இக்கணக்கின் உள்முரண் தெளிவாக வெளிப்படுவது கீழ்பவானிப் பாசனப் பகுதியில். 1950களில் நிறைவுற்ற, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமுடைய அம்மண் கால்வாய் 2,07,000 ஏக்கருக்கு நீர் தருவதற்கென அமைந்தது. அதன் கசிவு கரையோரக் கிணறுகளையும் ஊறச் செய்தது. கான்கிரீட் தளம் அமைக்கும் திட்டம் எழுந்தபோது, கசிவே எங்கள் கிணறு என்ற உழவரும், கடைமடைக்கு நீர் எட்டவில்லை என்ற உழவரும் எதிரெதிரே நின்றனர். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. பாசனப் பொறியியலில் 'இழப்பு' எனப்படும் அதே நீர், நிலத்தடி நீர் மதிப்பீட்டில் 'ஊட்டம்'. 1997ஆம் ஆண்டு நெறிமுறைப்படி தளமிட்ட கால்வாயின் கசிவு மண் கால்வாயின் கசிவில் ஐந்தில் ஒரு பங்கு. எனவே தளம் இடப்பட்டவுடன், ஒரு கிணறுகூடப் புதிதாகத் தோண்டப்படாமலே, குறுவட்டத்தின் நுகர்வு விகிதம் உயரக்கூடும். இப்பகுதியில் இனி 'மிகை நுகர்வு' என்னும் பதிவைக் காணும் ஆய்வாளர், இறைப்புப் பெருகியதா, கசிவு குறைந்ததா என்பதை முதலில் பிரித்தறிதல் வேண்டும்.