லைப்சிக் நகரின் விவரணப்பட விழா

திரைப்பட விழா என்றதும் பலருடைய மனக்கண்முன் தோன்றுவன கடற்கரை நகரங்களும், வண்ண விளக்குகளும், நட்சத்திர நடிகர்களின் பவனியுமே. கான், வெனிஸ் முதலிய இடங்களில் நடைபெறும் விழாக்கள் அத்தகைய புகழைத் தேடிக்கொண்டவை. நடிகரும் இன்றி, புனைந்த கதையும் இன்றி, வாழ்வில் உள்ளதைக் காட்ட முயலும் படங்களுக்கென்றே ஒரு நகரம் ஆண்டுதோறும் விழா எடுத்துவருவது அத்துணைப் பரவலாக அறியப்பட்ட செய்தியன்று. ஜேர்மனியின் கிழக்குப் பகுதியிலுள்ள லைப்சிக் நகரில் 1955ஆம் ஆண்டு தொடங்கிய விவரணப்பட விழா அவ்வகையைச் சார்ந்தது. ஓர் அரசு தன் நோக்கங்களுக்காகப் பேணி வளர்த்த இவ்விழா, அவ்வரசு எண்ணியிராத பயனொன்றையும் காலப்போக்கில் விளைவித்தது. அதன் வரலாற்றைச் சுவையுடையதாக்குவது இம்முரண்பாடே.

விவரணப் படம் என்றும், இன்று ஆவணப்படம் என்றும் வழங்கும் இக்கலை தோன்றிய நாள்தொட்டு ஒரு சிக்கலைத் தன்னுடன் சுமந்தே வந்துள்ளது. கற்பனைக் கதைப் படத்துக்குப் பணம் கொடுப்பவர் நுழைவுச்சீட்டு வாங்கும் பொதுமக்கள். விவரணப் படத்துக்கோ பெரும்பாலும் அரசாங்கமோ வணிகக் கழகமோதான் பணம் கொடுத்துவந்தது. பணம் தருபவர் தமக்கு வேண்டியதைக் காட்டும்படி கேட்பது இயல்பு. ஆயினும் உலகத்தை நோக்கித் திருப்பப்பட்ட கமெரா, கேட்டதை மட்டும் கண்டு அடங்குவதில்லை. இதற்கு இலங்கையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1934இல் பஸில் ரைட் இயக்கிய ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் படம் தேயிலைப் பிரசாரச் சபைக்காக எடுக்கப்பட்டது. அதனைத் தயாரித்தவர், ஆங்கிலத்தில் இவ்வகைப் படத்துக்கு வழங்கும் பெயரை 1926இல் ஒரு விமர்சனத்தில் கையாண்டு நிலைபெறச் செய்த ஜோன் கிரியர்சன் ஆவார். தேயிலைக்கு விளம்பரமாக வேண்டிய அப்படம், சந்தையின் குரலையும் உழைப்பாளியின் உடலையும் அருகருகே வைத்து, பார்ப்போரைச் சிந்திக்கத் தூண்டும் கலைப்படைப்பாக முடிந்தது. லைப்சிக் விழாவின் கதையும் ஏறத்தாழ இவ்வாறானதே. அங்கே பணம் தந்தது ஒரு சபையன்று, ஓர் அரசு என்பதே வேறுபாடு.

லைப்சிக் நெடுங்காலமாகவே பிறநாட்டார் வந்து கூடும் நகரம். 1497இல் மாக்சிமிலியன் மன்னர் அதன் வர்த்தகச் சந்தைக்குத் தனியுரிமைகளை வழங்கினார். அச்சுத்தொழிலும் புத்தக வாணிபமும் அங்கே செழித்தன. இசைமேதை பாக் 1723 முதல் 1750இல் தாம் இறக்கும்வரை அந்நகரத்துத் தேவாலயத்தில் பணிபுரிந்தார். இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் 1949இல் ஜேர்மனி இரண்டு நாடுகளாகப் பிளவுண்டபோது, லைப்சிக் கிழக்கு ஜேர்மனியில் அடங்கியது. அப்போதும் அதன் வர்த்தகச் சந்தைக்கு மேற்கு நாட்டு வணிகர்கள் வந்துகொண்டே இருந்தனர்.

மேற்கு ஜேர்மனியில் 1952இல் மன்ஹைம் நகரிலும், 1954இல் ஒபர்ஹவுசன் நகரிலும் குறும்படங்களுக்கும் விவரணப் படங்களுக்குமான விழாக்கள் தோன்றிவிட்டன. கிழக்கில் அத்தகையது இல்லாத குறையை நீக்க 1955 செப்ரெம்பரில் லைப்சிக் விழா ஆரம்பிக்கப்பட்டது. அகில ஜேர்மன் விழா என்றே அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. பிரிந்துபோன இருபகுதிக் கலைஞரும் ஒருவர் படத்தை மற்றவர் பார்த்து உரையாட வேண்டும் என்னும் எண்ணம் அப்பெயரிலேயே அடங்கியிருந்தது. மறு ஆண்டு இரண்டாம் விழா நடைபெற்றது. அதன் பின்னர் மூன்று ஆண்டுகள் விழா நிகழவில்லை. 1960இல் அது மீண்டும் உயிர்பெற்றபோது அகில ஜேர்மன் என்ற பெயர் மறைந்து, சர்வதேச விழா என்னும் புதிய பெயர் வந்திருந்தது. அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 13ஆந் திகதி பேர்லின் நகரின் குறுக்கே மதில் எழத் தொடங்கியது. அயல்வீட்டுச் சகோதரனுக்குக் கதவு அடைக்கப்பட்ட அதே காலத்தில், தூரதேசத்து விருந்தினருக்குக் கதவு திறக்கப்பட்டது.

1962இல் பிக்காசோ வரைந்த புறா விழாவின் சின்னமாயிற்று. முதற்பரிசு தங்கப் புறா என்றும், அடுத்தது வெள்ளிப் புறா என்றும் வழங்கலாயின. உலகத்தின் படங்கள் உலக அமைதிக்காக என்பது விழாவின் தாரக மந்திரமாக அமைந்தது. கிழக்கு ஜேர்மனியைத் தனிநாடாக ஏற்றுக்கொள்ள மேற்கு நாடுகள் மறுத்துவந்த காலம் அது. அரசியல் தூதர்கள் வர மறுத்த இடத்துக்குக் கலைஞர்கள் வந்தால், நாட்டுக்கு மதிப்பு உண்டாகும் என்று அரசு கருதியது. வாரம் முழுவதற்கும் வேண்டிய பொருளையும் வசதியையும் அது தாராளமாக அளித்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. ஒல்லாந்தின் ஜோரிஸ் ஐவன்ஸ் போன்ற முதுபெருங் கலைஞர்களும், புதிதாகக் கமெராவைக் கையிலெடுத்த இளைஞர்களும் அங்கே ஒன்றுகூடினர். கியூபாவின் சந்தியாகோ அல்வாரெஸ், அமெரிக்காவில் கறுப்பின மக்கள் அனுபவித்த கொடுமைகளைப் பழைய புகைப்படங்களையும் செய்திப்படத் துண்டுகளையும் ஒரு பாடலையும் கொண்டே ஆறு நிமிடத்தில் உருக்கமாகக் காட்டினார். அப்படம் 1965இல் லைப்சிக்கில் பரிசு பெற்றது. வியட்நாம் யுத்தத்தைப் பற்றியும், 1973இல் சிலி நாட்டில் நிகழ்ந்த இராணுவப் புரட்சியைப் பற்றியும் எடுக்கப்பட்ட படங்கள் அங்கே பெரும் மதிப்புடன் காட்டப்பட்டன. செல்வமிக்க நாடுகளின் விழாக்களில் இடம் கிடைப்பது அரிதாயிருந்த ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்கக் கலைஞர்களுக்கு லைப்சிக் ஒரு மேடையாயிருந்தது என்பதை அவ்வரசின் எதிரிகளும் மறுத்தற்கில்லை.

ஆயினும் தொலைவிலுள்ள அநீதியைக் காட்டும் படத்துக்கு இருந்த வரவேற்பு, அருகிலுள்ள உண்மையைக் காட்டும் படத்துக்கு இருக்கவில்லை. யூர்கன் பொட்சர் என்பவர் 1961இல், பகலில் தொழிலாளராகவும் ஓய்வு வேளையில் ஓவியராகவும் சிற்பியாகவும் வாழ்ந்த மூன்று நண்பரைப் பற்றி ஒரு சிறு படம் எடுத்தார். அதில் அரசுக்கு எதிரான சொல் ஒன்றும் இல்லை. அம்மூவரும் தம் விருப்பப்படி வாழ்ந்தனர், அவ்வளவே. படம் தடைசெய்யப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் அதனைக் காண இயலவில்லை. விழாவையும் அதற்கு வந்தோரையும் அரசின் இரகசியப் பாதுகாப்புப் பிரிவு இடைவிடாது கண்காணித்துவந்தது.

இத்தனை கட்டுப்பாடு இருந்தும், ஒன்றைமட்டும் அரசினால் வகுத்து அடக்க முடியவில்லை. அது பார்வையாளரின் கண். 1963இல் தங்கப் புறாவைப் பெற்ற பிரெஞ்சுப் படமொன்று இதனை நன்கு விளக்கும். கிறிஸ் மார்க்கர், பியர் லோம் ஆகிய இருவரும் இயக்கிய அப்படத்தின் பெயர் ‘அழகிய மே மாதம்’ எனப் பொருள்படும். அல்ஜீரிய யுத்தம் ஓய்ந்த 1962ஆம் ஆண்டு வசந்தத்தில் பாரிஸ் நகரத்து வீதிகளிற் சென்ற சாதாரண மக்களிடம் அவர்தம் வாழ்வையும், மகிழ்ச்சியையும், நாட்டின் நிலையையும் பற்றிக் கேட்டு, வந்த விடைகளைத் தொகுத்த படம் அது. முதலாளித்துவ நாடொன்றின் குறைகளை அது காட்டுவதாக நடுவர் மகிழ்ந்திருக்கலாம். வெளிநாட்டுப் பயணம் அரிதாகிப்போன லைப்சிக் வாசிகளுக்கோ, வீதியில் நிற்கும் ஒருவனை நிறுத்தி அவன் நினைப்பதைக் கேட்கலாம் என்பதே புதுமையாயிருந்திருக்கும். அக்கேள்வியைத் தம்மிடமும் யாரேனும் கேட்கமாட்டாரா என்ற எண்ணம் எழுவதற்கு அதிக தூரம் இல்லை.

அமைதி என்னும் சொல்லை விழாவின் மேடையில் கேட்டுவந்த இளைஞர், அதே சொல்லை வீதிக்குக் கொண்டுவந்த நிகழ்ச்சி 1983 நவம்பரில் நடந்தது. ஐரோப்பாவில் அணுவாயுத ஏவுகணைகள் நிறுத்தப்படுவது பற்றி எங்கும் அச்சம் நிலவிய வேளை அது. விழாப் படங்கள் காட்டப்பட்ட கப்பிட்டல் படமாளிகையின் முன்னால் இளைஞர் சிலர் மெழுகுவர்த்திகளை ஏற்றிக்கொண்டு மௌனமாகக் கூடினர். உள்ளே அமைதிப் புறாவின் பெயரால் விழா. வெளியே அமைதிக்காக மெழுகுவர்த்தி ஏந்தியவர் கைது. அவர்களுட் சிலருக்குச் சிறைத்தண்டனையும் கிடைத்தது. விழாவின் முப்பதாண்டு வரலாற்றில் அதன் மந்திரத்துக்கும் நடைமுறைக்கும் இடையிலிருந்த தூரம் அன்றுபோல் என்றும் வெளிப்பட்டதில்லை.

1988இல் மற்றொரு திருப்பம் ஏற்பட்டது. சோவியத்து நாட்டில் கொர்பச்சேவ் தொடங்கிய சீர்திருத்தங்களைக் கிழக்கு ஜேர்மன் தலைவர்கள் விரும்பவில்லை. அவ்வாண்டு நவம்பரில் ‘ஸ்பூட்னிக்’ என்னும் சோவியத்துச் சஞ்சிகையின் விநியோகத்தையே அவர்கள் நிறுத்தினர். அதே நாட்களில் நிகழ்ந்த விழாவில் ஹெல்கே மிசெல்விற்ஸ் என்னும் பெண் இயக்குநரின் ‘குளிர்காலமே, விடைபெறு’ எனப் பொருள்படும் படம் திரைக்கு வந்தது. நாட்டின் தென்பகுதியிலிருந்து வடக்கே பால்டிக் கடற்கரைவரை புகையிரதத்திற் பயணஞ்செய்து, வழியிற் கண்ட பெண்களுடன் அவர் உரையாடினார். நிலக்கரித் தொழிற்சாலையிற் புகைக்கும் தூசிக்கும் நடுவே குழாய்களைச் சம்மட்டியால் தட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி, தன் வாழ்வின் பாரத்தை அமைதியாகச் சொன்னாள். பெண்களுக்குச் சமவுரிமை வந்துவிட்டது என்று அரசு கூறிவந்ததற்கு அவளுடைய முகமே மறுமொழியாயிற்று. படம் வெள்ளிப் புறாவைப் பெற்றது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் மக்களிடம் கேட்கப்பட்ட கேள்வி, ஈற்றில் சொந்த நாட்டு மக்களிடமும் கேட்கப்பட்டது.

அடுத்த ஆண்டு லைப்சிக் நகரமே விடை கூறியது. 1989 ஒக்ரோபர் 9ஆந் திகதி சுமார் 70,000 மக்கள் நகர வீதிகளில் வன்முறையின்றி ஊர்வலஞ் சென்றனர். ஒரு மாதத்தில் பேர்லின் மதில் திறந்தது. அவ்வாரங்களில் அன்ட்ரியாஸ் போய்க்ட், கெர்ட் குரொஸ்கே ஆகிய இளம் இயக்குநர்கள் ஊர்வலத்தினரையும், அவர்களுக்கு எதிரே நிறுத்தப்பட்ட இளம் பொலிஸ்காரரையும், மறுநாட் காலையில் வீதியைக் கூட்டிய துப்புரவுத் தொழிலாளரையும் படம்பிடித்தனர். ‘இலையுதிர்காலத்தில் லைப்சிக்’ எனப் பொருள்படும் அப்படம் அவ்வாண்டு நவம்பர் இறுதியில் நடைபெற்ற விழாவிலேயே காட்டப்பட்டது. படத்திற் கண்ட வீதிகளின் வழியாகவே மக்கள் படமாளிகைக்கு வந்து சேர்ந்தனர்.

விடுதலை கிடைத்ததும் விழாவின் துன்பம் தீர்ந்துவிடவில்லை. 1990இல் இருநாடும் ஒன்றானபோது, விழாவைத் தாங்கிய அரசே இல்லாமற் போயிற்று. படங்களைத் தயாரித்த அரசாங்கப் படக் கழகமும் தனியாரிடம் விற்கப்பட்டது. வேலையும் வாழ்க்கையும் நிலைகுலைந்திருந்த மக்களுக்கு, உலகத்தைக் காணப் படமாளிகைக்குச் செல்லவேண்டிய தேவையும் முன்போல் இருக்கவில்லை. திரைப்பட ஆய்வாளர் கிறிஸ்தியானே முக்கென்பெர்கர் அந்த இடர்மிக்க ஆண்டுகளில் தலைமை ஏற்று விழாவை நடத்தினார். நகரசபை அதனைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. 1995இல் சித்திரப் படங்களுக்கெனத் தனிப் போட்டி சேர்க்கப்பட்டது. 2004இல் டொக் லைப்சிக் என்னும் சுருக்கப் பெயர் வழக்கிற்கு வந்தது. பழைய அரசின் சின்னங்கள் பலவும் நீக்கப்பட்ட அந்நகரில், புறாவை மட்டும் எவரும் நீக்கவில்லை.

1960 முதல் ஆண்டு தவறாது நிகழ்ந்துவரும் விழா, பெருந்தொற்றுப் பரவிய 2020இலும் நிற்கவில்லை. ஒரு பகுதியை இணையவழியாக நடத்தி அது தொடர்ந்தது. 2025இல் அறுபத்தெட்டாவது விழா நிறைவேறியது. படங்களைக் காட்டுவதோடு, எடுக்க விரும்புவோரையும் பணமுதவக் கூடியோரையும் சந்திக்கச் செய்வதும் இப்போது அதன் பணிகளுள் ஒன்றாகும். பணம் தருபவர் யார், படம் யாருக்காகப் பேசும் என்னும் பழைய கேள்வி இவ்விடத்திலும் மறையவில்லை. முன்னர் ஓர் அரசின் வாயிலில் நின்ற கலைஞர், இன்று தொலைக்காட்சி நிலையங்களின் வாயிலிலும் நிதியங்களின் வாயிலிலும் நிற்கின்றனர்.

அண்மைய ஆண்டுகளில் விழாப் படங்கள் சில, லைப்சிக்கின் பிரமாண்டமான மத்திய புகையிரத நிலையத்து மண்டபத்திலும் கட்டணமின்றிக் காட்டப்படுகின்றன. வண்டிக்காகக் காத்திருப்போரும், வழியிற் செல்வோரும் அங்கே அமர்ந்து பார்க்கலாம். யார் வந்தார், எதைப் பார்த்தார் என்று குறித்து வைப்பவர் அங்கே எவரும் இலர்.