வேண்டாத குறுஞ்செய்தி: தடுப்பின் வரலாறு



கேளாமல் வந்து சேரும் செய்தி கைத்தொலைபேசியோடு பிறந்ததன்று. 1864ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓர் இரவு, இலண்டன் மாநகர அரசியல் பிரமுகர்கள் சிலருடைய இல்லங்களுக்குத் தந்தி வந்தது. தந்தி என்றாலே நெஞ்சு பதறிய காலம் அது. பிரித்துப் பார்த்தால், கேப்ரியல் என்னும் பல் மருத்துவர்களின் விளம்பரம்! சினமுற்ற ஒருவர் 'தி டைம்ஸ்' நாளிதழுக்கே கடிதம் எழுதினார். பின்னர் 1978இல், கேரி தெர்க் என்னும் கணினி விற்பனையாளர் 'ஆர்ப்பாநெட்' வலையமைப்பில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பினார். கருவி மாறினாலும் அனுப்புவோரின் மனப்போக்கு மாறவில்லை என்பதற்கு இவ்விரண்டும் சான்றுகள்.

குறுஞ்செய்தி பிறந்த கதையையும் இங்கே நினைவுகூர்தல் தகும். 1980களின் நடுப்பகுதியில் ஜெர்மானியப் பொறியாளர் ஃபிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட், சாதாரண வாக்கியங்களைத் தட்டச்சு செய்து எண்ணிப் பார்த்து, 160 எழுத்துகள் போதும் என்னும் முடிவுக்கு வந்தார். 1992 டிசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்னும் இளைஞர் கிறிஸ்துமஸ் வாழ்த்தாக முதற்குறுஞ்செய்தியை அனுப்பினார். ஆங்கிலத்திற்கு 160 இடம் தந்த அதே செய்தி, ஒருங்குறித் தமிழுக்கு 70 இடமே தந்தது. ஆயினும் 2005இல் முத்து நெடுமாறனின் 'செல்லினம்' சிங்கப்பூரில் அறிமுகம் கண்டபோது, தாய்மொழியில் குறுஞ்செய்தி அனுப்பும் மகிழ்ச்சி நமக்கும் கிட்டியது.

அதே காலக்கட்டத்தில் விளம்பரச் செய்திகளும் பெருகின. காரணம் எளிது. தந்திக்குச் சொல்லுக்குச் சொல் காசு. அஞ்சலுக்குத் தாளும் முத்திரையும் வேண்டும். ஆனால் கணினியிலிருந்து ஆயிரக்கணக்கான கைத்தொலைபேசிகளுக்கு அனுப்பும் குறுஞ்செய்திக்கு மிகச் சிறு தொகையே செலவாகும். நூற்றில் ஒருவர் மறுமொழி தந்தாலும் அனுப்பியவருக்கு இலாபம். எஞ்சிய தொண்ணூற்று ஒன்பதின்மருக்குத் தொல்லை.

சிங்கப்பூர் இதற்கு முதலில் எடுத்த படி, 2007 ஜூன் 15ஆம் நாள் நடப்புக்கு வந்த 'ஸ்பேம்' கட்டுப்பாட்டுச் சட்டமாகும். ஒரு நாளில் 100க்கு மேற்பட்டோ, 30 நாளில் 1,000க்கு மேற்பட்டோ, ஓராண்டில் 10,000க்கு மேற்பட்டோ அனுப்பப்படும் செய்திகளை அது மொத்தச் செய்திகள் என வரையறுத்தது. அவற்றில் 'ஏடிவி' என்னும் மூன்றெழுத்து விளம்பரக் குறி இருத்தல் வேண்டும். விலகிக்கொள்ளும் வழியும் இருத்தல் வேண்டும். ஆனால் அச்சட்டம் விளம்பரச் செய்தியைத் தடை செய்யவில்லை; ஒழுங்குபடுத்தியது. பாதிக்கப்பட்டவர் தாமே வழக்குத் தொடுக்க வேண்டும். கிடைக்கக்கூடிய இழப்பீடோ ஒரு செய்திக்கு 25 வெள்ளி வரை. இதற்காக நீதிமன்றப் படியேறும் பெற்றோர் எத்தனை பேர் இருப்பர்?

இரண்டாம் படி 2014 ஜனவரி 2இல் வந்தது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 'அழைக்க வேண்டாம்' பதிவகம் செயற்படத் தொடங்கியது. அழைப்பு, குறுஞ்செய்தி, தொலைநகல் என மூன்று பட்டியல்கள். நம் எண்ணைப் பதிந்துவிட்டால், நம் ஒப்புதல் இல்லாத விற்பனைச் செய்தியை அனுப்புவது சட்டமீறல். பொறுப்பு பெறுநரின் தோளிலிருந்து அனுப்புநரின் தோளுக்கு மாறியது. இது பெரிய மாற்றம். எனினும் சட்டத்திற்கு அஞ்சும் வணிகரையே இது கட்டுப்படுத்தும். கள்வன் பட்டியலைப் பார்த்துவிட்டா கன்னமிடுகிறான்?

அதன் விளைவை 2021 டிசம்பரில் நாடு கண்டது. ஓசிபிசி வங்கியின் பெயரில் போலிக் குறுஞ்செய்திகள் வந்தன. ஏறத்தாழ 790 வாடிக்கையாளர்கள் இழந்த தொகை 13.7 மில்லியன் வெள்ளி. படித்தவர்களும் ஏமாந்தனர். ஏன்? குறுஞ்செய்தியில் அனுப்புநரின் எண்ணுக்குப் பதிலாக ஒரு பெயரை இடும் வசதி உண்டு. அப்பெயர் உண்மையா எனச் சரிபார்க்கும் ஏற்பாடு அத்தொழில்நுட்பத்தில் இல்லை. கைத்தொலைபேசியோ ஒரே பெயரில் வருவனவற்றை ஒரே வரிசையில் அடுக்கும். ஆகவே, வங்கியின் உண்மைச் செய்திகளுக்கு அடியிலேயே போலிச் செய்தியும் வந்து அமர்ந்தது. வங்கி பின்னர் நல்லெண்ண அடிப்படையில் இழப்பை ஈடுசெய்தது. ஆனால் பெயரின்மீது மக்கள் வைத்த நம்பிக்கைக்கு யார் ஈடு தருவது?

இங்கிருந்துதான் மூன்றாம் படி. 2022 ஜனவரியில், வங்கிகள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளில் சொடுக்கும் இணைப்புகளை நீக்குமாறு முடிவாயிற்று. 2023 ஜனவரி 31 முதல், பெயரிட்டுச் செய்தி அனுப்பும் நிறுவனங்கள் அப்பெயரைப் பதிவு செய்தல் கட்டாயமாயிற்று. பதியாத பெயரில் வந்தவை 'மோசடியாக இருக்கலாம்' என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தலைப்பின்கீழ் வரலாயின. 2024 ஜூலை 1 முதல் அரசாங்க அமைப்புகளின் குறுஞ்செய்திகள், சில விலக்குகள் நீங்கலாக, 'கவ்.எஸ்ஜி' என்னும் ஒரே பெயரில் வருகின்றன.

கைத்தொலைபேசிக்குள்ளேயே இயங்கும் தடுப்பும் இதே காலத்தில் வளர்ந்தது. குறிப்பிட்ட எண்ணைத் தடுக்கும் வசதி பழையது. ஆனால் மோசடியாளர் நாளுக்கொரு எண்ணை மாற்றுவதால் அது மட்டும் போதாது. 2020 நவம்பரில் ஐபோனுக்கும், 2022இல் ஆண்ட்ராய்டுக்கும் வந்த 'ஸ்கேம்ஷீல்டு' செயலி, அறியாத எண்ணிலிருந்து வரும் ஐயத்திற்குரிய செய்தியைத் தனியே ஒதுக்குகிறது. 2024இல் 1799 என்னும் உதவி எண்ணும் அறிமுகமாயிற்று. ஐயம் எழுந்தால் அழைத்துக் கேட்கலாம்.

இந்த வரலாற்றில் நாம் காண வேண்டியது ஒன்று உண்டு. முதற்சட்டம் 'இது விளம்பரமா?' என்று கேட்டது. இரண்டாவது, 'இதைப் பெறுபவர் விரும்பினாரா?' என்று கேட்டது. மூன்றாவதே, 'இதை அனுப்பியவர் யார்?' என்று கேட்டது. முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இறுதியில்தான் கேட்கப்பட்டது. இக்கேள்வி இன்றும் முடியவில்லை. பதிவு முறை பெயர்களைக் காக்கும். வாட்ஸ்அப், டெலிகிராம் ஆகியவற்றின் வழி வரும் செய்திகளுக்கு அக்காவல் இல்லை.

ஆகவே பெற்றோர்களே, இவ்வார இறுதியில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டிலுள்ள தாத்தா பாட்டியின் எண்ணைப் பதிவகத்தில் சேருங்கள்; செயலியை நிறுவிக் கொடுங்கள்; ஆங்கில எச்சரிக்கைச் சொற்கள் எதைக் குறிக்கின்றன என்பதைத் தமிழில் விளக்குங்கள். ஆசிரியர்களே, கருத்தறிதல் பாடத்தில் 'இதைச் சொன்னவர் யார்? எதற்காகச் சொன்னார்?' என்று வினவுகிறோம் அல்லவா? அதே வினாக்களைக் கைத்தொலைபேசிச் செய்திக்கும் கேட்கப் பழக்குவோம். கருவி தடுக்கத் தவறியதை, கேட்டுப் பழகிய மாணவன் தடுப்பான்.