கணக்கும் வேவும்: கால்பந்து மேலாளர் விளையாட்டின் கதை

பந்தை உதைக்காமல், வரவு செலவு பார்த்தே ஆடும் கால்பந்து விளையாட்டு ஒன்று உண்டு. 1982-ல் இங்கிலாந்தின் கெவின் டாம்ஸ் தனி ஆளாக எழுதிய 'ஃபுட்பால் மேனேஜர்' அது.

ஆடுபவர்தான் அணியின் மேலாளர். வாரந்தோறும் வீரர்களுக்குச் சம்பளம் தர வேண்டும். பணம் போதாவிட்டால் வங்கிக் கடன் வாங்கலாம், அல்லது ஒரு வீரரை விற்கலாம். விற்றால் கடன் அடையும், அடுத்த ஆட்டம் கைவிட்டுப் போகலாம். எதிரணியை எடைபோடவும் வழி இருந்தது. இரு அணிகளின் தற்காப்பு, நடுக்களம், தாக்குதல் பலம் ஆட்டத்துக்கு முன்பே எண்களாகத் திரையில் தெரியும்.

1992-ல் பால், ஆலிவர் கோலியர் சகோதரர்களின் 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' வெளியானது. முதல் பதிப்பில் வீரர்களின் பெயர்கள் கற்பனையே. அடுத்த பதிப்பில் நிஜப் பெயர்கள் வந்தன. பெயர் நிஜமானால் திறமைக் குறிப்பும் நிஜமாக இருக்க வேண்டுமே! அதற்காகப் பல நாடுகளில் ஆட்டங்களைக் கவனித்துக் குறிப்பெழுதும் ஆட்கள் சேர்ந்தார்கள்.

2003-ல் சகோதரர்களின் நிறுவனமும் வெளியீட்டாளரான ஐடாஸும் பிரிந்தன. பாகப்பிரிவினையில் புகழ்பெற்ற பெயர் ஐடாஸுக்குப் போனது. வீரர்களின் தகவல் களஞ்சியம் சகோதரர்களிடம் தங்கியது. வணிகவியலில் நற்பெயரும் ஒரு சொத்துதான். ஆனால் இங்கே வென்றது களஞ்சியம். டாம்ஸ் வைத்த பழைய பெயரையே சூட்டிக்கொண்டு 2004-ல் அவர்களின் புதிய விளையாட்டு வந்து முன்னேறியது.

2008-ல் எவர்டன் கிளப், நிஜ வீரர்களைத் தேட அதே களஞ்சியத்தைப் பயன்படுத்த ஒப்பந்தம் செய்தது. கிளப்புகளைப் பார்த்து எழுதிய கணக்கை, கடைசியில் ஒரு கிளப்பே கேட்டு வாங்கியது!