வெண்மெழுகு விரல்கள்: சங்கிலி ரம்பத்தின் பாதுகாப்பு வரலாறு

சங்கிலி ரம்பம் முதன்முதலில் பிரசவத்துக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது என்றொரு செய்தி சமூக ஊடகங்களில் அவ்வப்போது வலம்வருகிறது. அது முழுப் பொய்யன்று. முழு மெய்யும் அன்று. ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் எய்ட்கென் 1785இல் வெளியான தம் மகப்பேற்று நூலின் இரண்டாம் பதிப்பில் வளையக்கூடிய ஒரு சிறு ரம்பத்தைப் படத்துடன் காட்டியுள்ளார். கடினமான பேற்றின்போது இடுப்பெலும்பைப் பிரிப்பதற்கு அது பயன்பட்டது. அவர் காலத்தவரான ஜேம்ஸ் ஜெஃப்ரே, நோயுற்ற எலும்பை அகற்ற அதையொத்த கருவியைக் கையாண்டார். பல் வெட்டிய மெல்லிய சங்கிலி, இரு முனைகளிலும் கைப்பிடி, இழுப்பதற்கு மனிதக் கை, அவ்வளவே கருவி. 1830இல் ஜெர்மானியர் பெர்ன்ஹார்ட் ஹைனே உருவாக்கிய எலும்பு ரம்பத்தில்தான் தகட்டைச் சுற்றி ஓடும் சங்கிலி வந்தது. அதையும் கையால்தான் சுழற்ற வேண்டும். ஒலி ஒத்திருப்பதால் இரு சொற்களை ஒரே வேரின எனக் கொள்ளலாகாது என்பது மொழியியலின் முதற்பாடம். கருவிகளின் வரலாற்றிலும் அந்த எச்சரிக்கை தேவைப்படுகிறது. பெயர் ஒன்றாயினும், காட்டில் உறுமும் இயந்திரத்தின் வம்சாவளி வேறு.

அந்த வம்சாவளி 1920களின் ஜெர்மனியில் தெளிவாகத் தொடங்குகிறது. ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926இல் மின்சாரத்தால் இயங்கும் ரம்பத்தை உருவாக்கினார். மறு ஆண்டு எமில் லெர்ப், துரிங்கியாவின் டோல்மார் குன்றில் பெட்ரோல் ரம்பமொன்றைச் சோதித்துப் பார்த்தார். அக்குன்றின் பெயரே பின்னர் அவரது நிறுவனத்தின் பெயராயிற்று. ஸ்டில் 1929இல் வெளியிட்ட பெட்ரோல் ரம்பத்தின் எடை 46 கிலோ. ஒருவரால் தூக்கி வேலை செய்ய இயலாத பாரம் அது. எஞ்சின் பக்கம் ஒருவரும், நீண்ட தகட்டின் மறுமுனையில் ஒருவரும் பிடித்துக்கொண்டு அறுத்தனர். தகட்டின் நுனியில் அந்த இரண்டாம் ஆளுக்கென ஒரு கைப்பிடி இருந்தது. பின்னால் நேர்ந்தவற்றைப் புரிந்துகொள்ள இச்சிறு விவரம் இன்றியமையாதது.

அடுத்த முப்பது ஆண்டுகள் எடை குறைந்த கதை. அமெரிக்காவின் மெக்கல்லக் நிறுவனம் 1949இல் ஏறத்தாழ 11 கிலோ எடையில் ஒற்றை ஆள் ரம்பத்தைக் கொணர்ந்தது. ஸ்டில் 1950இல் 16 கிலோ ரம்பத்தையும், 1959இல் பற்சக்கரப் பெட்டியே இல்லாத 12 கிலோ எடையுள்ள ‘கான்ட்ரா’வையும் வெளியிட்டது. இதே காலத்தில் சங்கிலியின் பல்லும் மாறிற்று. ஓரிகன் மாநிலத்து மரவெட்டி ஜோசப் காக்ஸ் 1946இல் ஒரு மரக்குற்றியில் வண்டின் புழு இடமும் வலமுமாகத் தாடையை அசைத்து மரத்தைக் குடைந்து செல்வதைக் கண்டார். அத்தாடையின் சாயலில் அவர் வடித்த வெட்டுப் பல், மரத்தைக் கீறாமல் சீவி எடுத்தது. இன்று உலகெங்கும் ஓடும் சங்கிலிகளில் பெரும்பாலானவை அப்புழுவுக்குக் கடன்பட்டவை.

இவற்றையெல்லாம் முன்னேற்றம் என்று ஒரே சொல்லில் எழுதிக் கடப்பது வழக்கம். எடை குறைந்தபோது ஆபத்து குறையவில்லை, இடம் மாறியது. மறுமுனையில் பிடிக்க ஆள் இல்லாமற்போனதால் தகட்டின் நுனி காற்றில் தனித்து நின்றது. நுனியின் மேற்பாதி ஒரு கிளையிலோ கட்டையிலோ மோதினால் சங்கிலி கணநேரம் சிக்கி நிற்கும். எஞ்சினின் விசை முழுவதும் ரம்பத்தையே மேலும் பின்னுமாகச் சுழற்றி, பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி வீசும். இதைத் தமிழில் ‘பின்னுதைப்பு’ எனலாம். மனிதக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கை விலகுவதற்குள் அது நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. ஆகவே ‘கவனமாக இரு’ என்னும் அறிவுரைக்கு இங்கே வேலையில்லை. கவனத்தைவிட விரைவான ஒன்றைத் தடுக்க இயந்திரத்துக்குள்ளேயே ஏதேனும் வைத்தாக வேண்டும்.

அது வந்து சேர 1970களின் தொடக்கம் ஆயிற்று. ஸ்டிலும் சுவீடனின் ஹஸ்க்வர்னாவும் அந்த ஆண்டுகளில் செயின் பிரேக்கை அறிமுகப்படுத்தின. முன்கைப்பிடிக்கு மேலே நிற்கும் காப்புத் தகட்டில், ரம்பம் பின்னுதைக்கும்போது கையின் மேற்புறம் மோத, பிரேக் விழுந்து சங்கிலி நின்றுவிடும். பின்வந்த மாதிரிகளில் கை படாமலே, ரம்பம் சுழலும் வேகத்தின் உந்துவிசையாலேயே பிரேக் விழும். இன்றைய ரம்பத்தின் கையேடு ஒவ்வொரு நாளும் வேலைக்குமுன் பிரேக்கைச் சோதிக்கச் சொல்கிறது. அதில் மரத்தூளும் எண்ணெயும் அடைந்து இறுகினால், 1970களுக்கு முற்பட்ட ரம்பத்தையே கையில் பிடித்திருப்பதாகப் பொருள்.

சங்கிலியைத் தீட்டும் வேலையும் இந்த வரலாற்றோடு பிணைந்தது. ஒவ்வொரு வெட்டுப் பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு உண்டு. பல் மரத்துக்குள் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதை அது வரையறுக்கிறது. பரவலாகப் புழங்கும் சங்கிலிகளில் பல்லின் உச்சிக்கும் அம்மேட்டுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி 0.65 மில்லிமீட்டர். வேகமாக வெட்ட வேண்டும் என்று மேட்டை அளவுக்கு மீறி அரத்தால் தேய்த்தால், பல் ஆழக் கடிக்கும், அதிர்வு கூடும், பின்னுதைப்பும் எளிதில் நேரும். மாறாக, மழுங்கிய பல்லோடு வெட்டினால் சீவலுக்குப் பதிலாக நுண்தூள் கொட்டும், வெட்டுபவர் ரம்பத்தை அழுத்தத் தொடங்குவார். தளர்ந்த சங்கிலி தகட்டிலிருந்து கழன்று வீசும் என்பதால்தான் அதை ஏந்திப் பிடிக்க அடியில் ஒரு கொக்கி வைக்கப்பட்டது. வேலை முடிந்ததும் சங்கிலியைச் சற்றுத் தளர்த்தி வைக்கச் சொல்வதற்குக் காரணம், சூட்டில் நீண்ட சங்கிலி குளிரும்போது சுருங்கித் தகட்டையும் தண்டையும் இறுக்கும் என்பது.

காலுறைகளின் கதை விந்தையானது. ரம்பத்தை எதிர்த்து நிற்கும் துணி என்று ஒன்றில்லை. பாதுகாப்புக் கால்சட்டைக்குள் தளர்வான நீண்ட இழைகள் அடுக்கப்பட்டுள்ளன. சங்கிலி மேற்துணியைக் கிழித்ததும் அவ்விழைகளை இழுத்துக்கொண்டு ஓடி, பற்சக்கரத்தில் அவை சுற்றிக்கொள்ள, ரம்பம் தானே நின்றுவிடும். தடுப்பதன்று, விட்டுக்கொடுத்துச் சிக்கவைப்பதே உத்தி. குளிர்நாடுகளில் பிறந்த இந்தத் தடித்த உடையை இந்தியக் கோடையில் நாள் முழுதும் அணிந்து வெட்டச் சொல்வது எளிதன்று. பிரேக் இயந்திரத்தோடே வந்துவிடும். உடையை யாரேனும் வாங்கித் தந்து, அணிவதற்கேற்ற ஓய்வும் கூலியும் தந்தால்தான் வரும்.

அமெரிக்காவில் மரவெட்டுத் தொழிலுக்கான விதிகள் 1994இல் வகுக்கப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தன. அதன்பின் பணிக்கு வந்த ரம்பங்களில் பின்னுதைப்பைக் குறைக்கும் செயின் பிரேக் போன்ற அமைப்பு கட்டாயமாயிற்று. ஒரு கையால் ரம்பத்தைக் கீழே விட்டு மறுகையால் கயிற்றை இழுத்துக் கிளப்பும் வழக்கம் தடைசெய்யப்பட்டது. தரையிலோ உறுதியான இடத்திலோ ஊன்றியே கிளப்ப வேண்டும். எரிபொருள் ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளிச் சென்ற பிறகே கிளப்ப வேண்டும். சிந்திய பெட்ரோலும் சூடான புகைக்குழாயும் அருகருகே இருந்ததன் விளைவை அறிந்தவர்கள் எழுதிய வரிகள் இவை.

வெட்டுக்காயம் ஒரு கணத்தில் நேர்வது, எல்லோரும் பார்ப்பது. எடை குறைந்ததன் மற்றொரு விலையைப் பார்க்கப் பல ஆண்டுகள் ஆயின. அது அதிகம் பேசப்பட்டது ஜப்பானில்.

1954 செப்டம்பர் 26 அன்று வடஜப்பானைத் தாக்கிய புயலில் ஹகோடாடே அருகே தோயா மாரு என்னும் கப்பல் மூழ்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே புயல் ஹொக்கைடோவின் காடுகளைப் பரப்புப் பரப்பாகச் சாய்த்தது. விழுந்து கிடந்த மரம் அழுகுமுன் அகற்றப்பட வேண்டும், கைரம்பம் போதாது. அரசுக் காடுகளுக்குள் சங்கிலி ரம்பம் பெருமளவில் நுழைய இது ஒரு வாயிலாயிற்று. புயலுக்கும் இந்த இயந்திரத்துக்கும் உள்ள உறவு பிற இடங்களிலும் காணக்கூடியதே. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த காவிரிப் படுகைத் தென்னந்தோப்புகளிலும் நாள்கணக்கில் கேட்டது இதே ஒலிதான். புயலில் விழுந்த மரம் வில்போல் வளைந்து விசையேறிக் கிடப்பது. அழுத்தமுள்ள பக்கத்தில் சிறிது வெட்டி, பிறகே இழுவையுள்ள பக்கத்தில் முடிக்க வேண்டும். வரிசை மாறினால் தகடு சிக்கும், அல்லது மரம் தெறிக்கும்.

ஹொக்கைடோவிலும் பிற மலைப்பகுதிகளிலும் சில ஆண்டுகள் ரம்பம் பிடித்தவர்களின் விரல்கள் குளிர்காலக் காலைகளில் வெளுக்கத் தொடங்கின. வெளுத்த பகுதிக்கும் மற்றப் பகுதிக்கும் இடையே கோடு கிழித்தாற்போல் எல்லை தெரிந்தது. உணர்வு மரத்தது, பொத்தான் போட முடியவில்லை. அவ்விரல்கள் மெழுகு போலிருந்தமையால் இந்நோய் ‘ஹகுரோ-பியோ’, அதாவது வெண்மெழுகு நோய், எனப் பெயர்பெற்றது. மருத்துவம் அதற்கு முன்பே பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோவின் பெயரால் ஒரு சொல்லை வைத்திருந்தது. ஆனால் ‘ரேனோ நிகழ்வு’ என்பது ஓர் அறிகுறியின் பெயர் மட்டுமே. எந்த வேலையால் வந்தது, யார் பொறுப்பு என்னும் வினாக்களுக்கு அதில் இடமில்லை. வெண்மெழுகு என்னும் சொல்லோ விரலைக் கண்முன் நிறுத்தியது. செய்தித்தாளில் அச்சாகக்கூடியதாகவும் பேச்சுவார்த்தை மேசையில் வைக்கக்கூடியதாகவும் இருந்தது.

1965இல் என்எச்கே தொலைக்காட்சி இந்த விரல்களைப் பற்றி ஓர் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. 1960களின் நடுவில் அரசு வனப் பணியாளர்களுக்கு இது தொழில்சார் நோயாக ஏற்கப்பட்டது. வனப் பணியாளர் தொழிற்சங்கம் நீண்ட காலம் போராடி, ஒரு நாளில் ரம்பம் பிடிக்கும் நேரம் இரண்டு மணிக்கு மேற்படலாகாது என்னும் உடன்பாட்டை 1969இல் எட்டியது. மறு ஆண்டு தொழிலாளர் அமைச்சகமும் அதே வரம்பைப் பரிந்துரைத்தது. சம்பளம் மாதத்துக்கா, வெட்டிய அளவுக்கா என்பதே இங்கு முதன்மையான வினா. அளவுக்குக் கூலி பெறுபவருக்கு இரண்டு மணி நேர வரம்பு என்பது வருமானத்தின் வரம்பாகவும் ஆகிவிடுகிறது. தனியார் காடுகளில் விதி எளிதில் வேர்கொள்ளாததற்கு இது ஒரு காரணம்.

இயந்திரமும் மாறிற்று. 1960களின் நடுவிலிருந்து கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் இடையே ரப்பர் தாங்கிகள் வைக்கப்பட்டன. விளைவைப் பின்லாந்தின் சுவோமுசால்மி பகுதி ஆய்வு காட்டுகிறது: அங்கு வனத்தொழிலாளரிடையே வெண்விரல் நோய் 1972இல் 40 விழுக்காடு, 1990இல் 5 விழுக்காடு. அந்தத் தொழிலாளர்கள் திடீரென எச்சரிக்கை மிகுந்தவர்களாக மாறிவிடவில்லை. அவர்கள் கைக்கு வந்த ரம்பங்களின் அதிர்வு பன்மடங்கு குறைந்திருந்தது. அதே ரப்பர் தாங்கிகள் வெடித்து நைந்த பின்னும் ரம்பம் நன்றாகவே வெட்டும் என்பதுதான் சிக்கல். வெட்டுவது நிற்காததால் அவற்றை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

ஜப்பானில் நோயுற்றவர்களுக்கு இம்மாற்றம் காலங்கடந்து வந்தது. சிக்கோகுத் தீவின் கோச்சி மாவட்டத்தில் (கேரளத்துக் கொச்சி அன்று) அரசுக் காடுகளில் பணியாற்றியவர்கள் அரசின்மீது வழக்குத் தொடுத்தனர். பணியாளரின் உடலைக் காக்கும் கடமையில் அரசு தவறியது என்பது அவர்கள் வாதம். 1977இல் மாவட்ட நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1984இல் தகமட்சு உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1990 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தொழிலாளரின் கோரிக்கையை ஏற்க மறுத்தது. ரம்பத்தைப் புகுத்திய காலத்தில் இப்படியொரு நோய் வரும் என்று அரசு முன்னுணர்ந்திருக்க இயலாது, பின்னர் எடுத்த நடவடிக்கைகளும் கடமை தவறியவை அல்ல என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இத்தாலியில் ஜோவானி லோரிகா, காற்றழுத்தச் சுத்தியல் பிடித்தவர்களின் வெளுத்த விரல்களைப் பற்றி எழுதியது 1911இல். அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், இண்டியானா மாநிலத்தின் பெட்ஃபோர்டுக்கு ஒரு குளிர்காலத்தில் சென்று, அதே சுத்தியலால் சுண்ணாம்புக்கல் செதுக்குபவர்களின் கைகளைச் சோதித்தார். வெளுப்பு, மரத்துப்போதல், கோடு கிழித்தாற்போன்ற எல்லை, காரணமாக அதிர்வும் குளிரும் என எல்லாவற்றையும் அவர் பதிந்துவைத்தார். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் வெளியீடாக அவரது அறிக்கை அச்சேறியது 1918இல்.