உயிர் காலேஜுக்கு எந்த மாசம் போகலாம்? வண்டலூர் பூங்காவில் வருஷம் முழுக்க நடப்பது என்ன?

வண்டலூர்: "காலையிலேயே கிளம்பி, ரயில் ஏறி, டிக்கெட் எடுத்து, கால் வலிக்க சுத்தினோம். புலி அந்தப் பக்கம் திரும்பி படுத்துக்கிச்சு. சிங்கத்தைக் காணவே காணோம்!"

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குப் போய்விட்டு வரும் குடும்பங்களில் பாதிப் பேர் சொல்லும் புகார் இது. போனது சித்திரை மாச உச்சி வெயிலாக இருக்கும். இல்லாவிட்டால் காணும் பொங்கல் கூட்டமாக இருக்கும். அந்த நேரத்தில் புலி மட்டும் என்ன, வேலை இல்லாவிட்டால் மனுஷனும் வெளியே தலை காட்ட மாட்டான்.

602 ஹெக்டேர், அதாவது கிட்டத்தட்ட 1,490 ஏக்கர் பரப்புள்ள இடம் இது. மிருகத்தை கூண்டில் அடைத்து கம்பிக்கு வெளியே நின்று பார்க்கும் பழைய கதை இங்கே இல்லை. பெரிய மிருகங்களுக்கு அகழி வெட்டி, உள்ளே மரம், புதர், குட்டை என்று விட்டிருக்கிறார்கள். அதனால் மிருகம் வெளியே வருவதும் வராததும் வெயில், மழை, சத்தம் மூன்றையும் பொறுத்தது. எந்த சீசனில் என்ன நடக்கிறது என்று தெரிந்து போனால் டிக்கெட் காசு வீணாகாது.

செத்த காலேஜ்... உயிர் காலேஜ்...

மெட்ராஸ்காரர்களுக்கு மியூசியம் என்றால் 'செத்த காலேஜ்', மிருகக்காட்சி சாலை என்றால் 'உயிர் காலேஜ்'. இந்த இரண்டும் ஒரு காலத்தில் ஒரே வளாகத்தில்தான் இருந்தன. எழும்பூர் மியூசியத்தின் பொறுப்பில் இருந்த டாக்டர் எட்வர்டு பால்ஃபர், உயிருள்ள மிருகங்களை வைத்தால் கூட்டம் வருகிறது என்று கண்டுகொண்டார். ஆற்காடு நவாப்பிடம் இருந்த மிருகங்களைக் கேட்டு வாங்கினார். 1855-ல் மிருகக்காட்சி சாலை பிறந்தது.

பிறகு சென்ட்ரல் பக்கம் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. மூர் மார்க்கெட்டுக்கு போனால் அப்படியே உயிர் காலேஜையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வருவது அந்தக் கால வழக்கம். ஊர் பெருத்தது, வண்டிப் புகையும் இரைச்சலும் ஏறியது, மிருகங்களுக்கு இடம் போதவில்லை. வண்டலூர் காப்புக்காட்டில் 1979-ல் வேலை ஆரம்பித்து, 1985 ஜூலை 24-ந் தேதி அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆர். புது பூங்காவைத் திறந்து வைத்தார். அப்போது வண்டலூர் என்றால் ஊருக்கு வெளியே காடு. இன்று பூங்காவுக்கு பக்கத்திலேயே கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்துவிட்டது (2023 டிசம்பர் 30-ல் திறந்தது). ஓடி வந்த இரைச்சல் பின்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

குளு குளு குளியல்

ஏப்ரல் பிறந்தால் போதும், ஷவரில் குளிக்கும் யானை படம் எல்லா பேப்பரிலும் வந்துவிடும். பார்க்க வேடிக்கை. ஆனால் அது யானைக்கு விளையாட்டு இல்லை. அத்தனை பெரிய உடம்பின் சூட்டை நம்மைப் போல வியர்வை கொட்டி இறக்க அதனால் முடியாது. காதை விசிறி விசிறித்தான் இறக்க வேண்டும். தண்ணீரும் சேறும் இல்லாவிட்டால் திண்டாட்டம்தான்.

இதனால் கோடை முழுக்க ஊழியர்களுக்கு ஓயாத வேலை. பறவைக் கூண்டுகளுக்கு மேலே தண்ணீர் தெளிக்க வேண்டும். நிழலுக்கு கீற்றும் வலையும் கட்ட வேண்டும். குட்டைகளில் தண்ணீர் மாற்ற வேண்டும். கரடிக்கும் குரங்குகளுக்கும் தர்பூசணி, வெள்ளரிக்காய் என்று நீர்ச்சத்து உள்ள அயிட்டங்கள் போகும். புலிக்கு தண்ணீர் என்றால் கொள்ளைப் பிரியம். குட்டையில் கழுத்து வரை இறங்கி கிடக்கும். சிங்கம் அப்படி இல்லை, நிழல் பார்த்து படுத்தால் சாயங்காலம் வரை எழுந்திருக்காது. அதை எழுப்பப் பார்த்து கத்துவது, விசில் அடிப்பது, கல் விட்டு எறிவது எல்லாம் வீண் வேலை மட்டுமல்ல, சட்டப்படி குற்றமும்கூட.

கோடை லீவில் போக ஆசைப்பட்டால் ஒரே வழி, காலை 9 மணிக்கு கேட் திறந்ததும் உள்ளே போய்விடுவது. முதலில் புலி, சிங்கம், கரடி. மற்றதெல்லாம் அப்புறம். மத்தியானம் 12 மணிக்கு மேல் பாம்புப் பண்ணை மாதிரி நிழலான இடங்களை வைத்துக்கொள்ளலாம். வயசானவர்களுக்கு பேட்டரி கார் உண்டு. பசங்க சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம். பள்ளிக்கூட பிள்ளைகளுக்கு கோடை முகாமும் நடத்துவது வழக்கம்.

ஓட்டேரி ஏரி நிரம்புமா?

ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாக பெய்தால் பூங்காவுக்குள் இருக்கும் ஓட்டேரி ஏரி நிரம்பும். அந்தத் தண்ணீரை நம்பித்தான் பறவைகள் வருகின்றன. கூழைக்கடா, நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், வக்கா, கொக்கு என்று மரம் முழுக்க வெள்ளையும் கறுப்புமாக உட்கார்ந்திருக்கும். இந்தப் பறவைகளை யாரும் பிடித்துக்கொண்டு வந்து விடவில்லை. தானாக வருகின்றன, தானாகவே போகின்றன. டிசம்பரில் இருந்து பிப்ரவரி வரை காலையில் போனால் நல்ல காட்சி கிடைக்கும்.

மழை பொய்த்தால் ஏரி வெறும் பொட்டல்தான். பறவையும் வராது. இது வெறும் வேடிக்கை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. சுற்றுவட்டார நிலத்தடி நீருக்கே ஆதாரம் மழைதான். 2019 ஜூனில் சென்னையில் குடத்தை தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரி பின்னால் ஓடியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரி வருஷத்தில் யானைக்கும் நீர்யானைக்கும் தண்ணீர் காட்டுவது எவ்வளவு பெரிய பாடு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நீர்யானையின் தோல் வெயிலில் காய்ந்தால் வெடித்துவிடும். பகல் முழுக்க அது முங்கிக் கிடந்தே ஆக வேண்டும்.

மழை விட்டதும் செடிகொடி துளிர்த்து, வண்ணத்துப்பூச்சித் தோட்டம் களை கட்டும். பலரும் அதை எட்டிக்கூட பார்க்காமல் போய்விடுகிறார்கள். குளிர் காலையில் முதலைகள் வாயைப் பிளந்துகொண்டு வெயில் காய்வதும் இந்த சீசனில்தான். "பொம்மையா, நிஜமா?" என்று சண்டை போடாத பசங்களே கிடையாது. பாம்புகளுக்கு குளிர் தாங்காது என்பதால் சூட்டுக்கு பல்பு போட்டு வைப்பது உண்டு.

மான் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு தகவல். கடமானுக்கும் புள்ளிமானுக்கும் வருஷா வருஷம் கொம்பு விழுந்து புதிதாக முளைக்கும். கொம்பில்லாத ஆண் மானைப் பார்த்து "யாரோ வெட்டிட்டாங்க" என்று பதற வேண்டாம். வெளிமானுக்கு மட்டும் விழாது, அது நிரந்தரம். மயிலும் அப்படித்தான், வருஷத்துக்கு ஒரு தடவை தோகையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும்.

வர்தா போட்ட போடு

2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னையை சாய்த்தது. அன்றைக்கு வண்டலூரில் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு விழுந்தன. பாதை எது, அகழி எது என்று தெரியாத அளவுக்கு மரக்குவியல். வாரக்கணக்கில் பூங்காவை மூடி வைத்து, அறுத்து அறுத்து எடுத்தார்கள். பழைய ஆட்கள் இன்றைக்கும் பூங்காவை 'வர்தாவுக்கு முன், வர்தாவுக்கு பின்' என்று பிரித்துத்தான் பேசுவார்கள். நிழல் போனால் கோடையில் மிருகத்துக்கு கஷ்டம், பறவைக்கு கூடு கட்ட கிளை இல்லை. திரும்ப நட்ட கன்று மரமாக ஒரு தலைமுறை ஆகும்.

புயல் வந்தால் கூடவே புரளியும் வந்துவிடும். "வண்டலூர்ல இருந்து முதலை தப்பிச்சிருச்சாம்" என்று யாராவது கிளப்பி விடுவார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது பெருங்களத்தூர் பக்கம் ராத்திரியில் முதலை ரோட்டைக் கடக்கும் வீடியோ போன் போனாக சுற்றியது. அந்த வட்டார ஏரிகளில் இயற்கையாகவே முதலைகள் உண்டு, மனுஷனைக் கண்டால் ஒதுங்கிப் போகும் ஜாதி அது என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்ன பிறகுதான் பீதி அடங்கியது.

2025 அக்டோபர் முதல் வாரம் நடந்தது வேறு கதை. உலாவிட வெளியே விட்ட ஷெர்யார் என்ற சிங்கம் சாயங்காலம் கூண்டுக்கு திரும்பவில்லை. டிரோன் எல்லாம் விட்டுத் தேடினார்கள். ஊரெல்லாம் பரபரப்பு. அது உலாவிட வேலிக்குள்ளேதான் எங்கோ சுற்றிக்கொண்டிருந்தது. 2 நாள் கழித்து தானாகவே கூண்டுக்கு வந்து சேர்ந்தது.

காணும் பொங்கல்: கையில் பட்டை, கண்ணில் பிள்ளை!

மெரினாவுக்கு அடுத்தபடியாக காணும் பொங்கல் கூட்டம் அலைமோதும் இடம் வண்டலூர். கட்டுச்சோறு, புது டிரஸ், பாட்டி முதல் கைக்குழந்தை வரை மொத்தக் குடும்பமும் வந்து இறங்கும். கூட்டத்தில் பிள்ளைகள் தொலைவது வழக்கமாகிப் போனதால், நுழையும்போதே குழந்தையின் மணிக்கட்டில் பெற்றோர் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டும் ஏற்பாடு வந்தது. நம்பரை சரியாகச் சொல்லுங்கள். கொடுத்த போனில் சார்ஜ் இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அன்றைக்கு மிருகத்தை நிம்மதியாகப் பார்க்க முடியும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அது குடும்பத்தோடு கூடி உட்காரும் நாள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நாளில் சேரும் குப்பைதான் மிருகங்களுக்கு எமன். சாப்பாட்டு வாசனை உள்ள பிளாஸ்டிக் பை பறந்து போய் விழுந்தால் மான் மென்று விழுங்கிவிடும். அசை போடும் மிருகத்தின் வயிற்றில் போன பிளாஸ்டிக் செரிக்காது, வெளியேயும் வராது. உள்ளேயே திரண்டு, தீனி இறங்காமல் கடைசியில் உயிரையே எடுத்துவிடும். மான் அழகாக இருக்கிறது என்று ஆசையாக பார்த்துவிட்டு வந்த அதே குடும்பம் விட்டுவிட்டு வந்த பை அது. குரங்குக்கு முறுக்கு, சிப்ஸ் கொடுப்பதும் அன்பு கிடையாது. குறிப்பாக சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறு எந்தக் காட்டிலும் இல்லாதது. அதை இனப்பெருக்கம் செய்ய வைக்கும் பொறுப்பு உள்ள பூங்கா வண்டலூர்.

தீபாவளி சமயத்தில் இன்னொரு தொல்லை. அணுகுண்டு, சரவெடி சத்தத்தில் மானும் பறவையும் மிரண்டு கம்பி வேலியில் மோதிக்கொள்ளும் அபாயம் உண்டு. பூங்காவை ஒட்டிய கிராமங்களில் சத்தம் இல்லாத பட்டாசு வெடிக்கச் சொல்லி கேட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

நீலாவும் பத்மநாதனும்

மனுஷனுக்கு வந்த நோய் மிருகத்துக்கும் வரும் என்பதை சென்னைக்கு காட்டியது 2021. கொரோனா இரண்டாவது அலையில் பூங்கா பூட்டிக் கிடந்தது. பார்வையாளர் ஒருவர்கூட உள்ளே இல்லை. அப்படியிருந்தும் மே மாசக் கடைசியில் உலாவிடத்தில் இருந்த சிங்கங்கள் சில இருமின, தீனி எடுக்கவில்லை. ஜூன் 3-ந் தேதி 9 வயது பெண் சிங்கம் நீலா இறந்தது. போபாலில் உள்ள ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பி சோதித்ததில் 11 சிங்கங்களில் 9-க்கு கொரோனா உறுதியானது. ஜூன் 16-ந் தேதி 12 வயது ஆண் சிங்கம் பத்மநாதனும் போய்விட்டது. ஊரையே ஆட்டிப்படைத்த அதே டெல்டா வைரஸ்தான் என்று பின்னர் தெரியவந்தது.

மற்ற சிங்கங்களை பிழைக்க வைத்தது கால்நடை டாக்டர்களும் தீனி வைக்கும் ஊழியர்களும். முழு கவச உடை மாட்டிக்கொண்டு, மருந்தை கறிக்குள் வைத்துக் கொடுத்து, ராத்திரி பகல் பார்க்காமல் கிடந்தார்கள். ஊரடங்கில் நமக்கு லீவு, அவர்களுக்கு இல்லை. புலிக்கு பசிக்கும் அல்லவா! அடுத்த வருஷ ஆரம்பத்திலும், 2022 ஜனவரியில், ஊழியர்கள் பலருக்கு கொரோனா வந்ததால் பொங்கல் சீசன் பாதியிலேயே பூங்கா மூடப்பட்டது. சளி, காய்ச்சல் உள்ளவர்கள் குரங்குக் கூண்டு பக்கம் நெருங்கி நிற்கக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

கிளம்பும் முன்...

செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. பொங்கல் மாதிரி விசேஷ நாட்களில் செவ்வாய் வந்தால் திறந்து வைப்பது உண்டு. அறிவிப்பை பார்த்துவிட்டு கிளம்புங்கள். ரயிலில் வருகிறவர்கள் வண்டலூர் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போகலாம். சனி, ஞாயிறை விட்டுவிட்டு புதன், வியாழனில் போனால் கூட்டம் குறைவு. மார்கழி, தை மாசம், மழை விட்ட மறுநாள் காலை அமைந்துவிட்டால் யோகம்தான். வெயில் காய புலியும் வெளியே வரும், ஏரியில் பறவையும் இருக்கும். சத்தம் போடாமல் ஒரே இடத்தில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். புதருக்குப் பின்னால் படுத்திருப்பது அதற்குள் எழுந்து வந்தாலும் வரும்.