பத்தாம் இடத்தின் வரலாறு: பாட்டுப் போட்டியும் பயணக் கச்சேரியும்

சென்ற பருவத்தில் வெகுமக்கள் பண்பாட்டு வரலாறு குறித்த வகுப்பொன்றில் ஒரு மாணவர் எழுப்பிய ஐயத்திலிருந்து இந்த நீள்பதிவு தொடங்குகிறது. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் வெல்பவர் ஒருவர்தான். அவ்வாறிருக்க, போட்டி முடிந்தபின் பத்துப் பேரைப் பேருந்தில் ஏற்றி ஊர் ஊராக ஏன் அழைத்துச் செல்கிறார்கள் என்று அவர் கேட்டார். 'கூடுதல் வருமானத்துக்காக' என்று அன்று நான் விடை கூறினேன். அது பிழையன்று, ஆயினும் போதாத விடை. அமெரிக்காவில் நடந்த 'அமெரிக்கன் ஐடல்' போட்டியின் கச்சேரிப் பயணங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, அப்பயணம் போட்டியின் பின்னிணைப்பு அன்று, அதன் உள்ளுறுப்பு என்ற முடிவுக்கே வரவேண்டியிருக்கிறது. இதை விளக்கத் தொலைக்காட்சிக்கும் முற்பட்ட காலத்துக்குச் செல்ல வேண்டும்.

1934-ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் உள்ளூர் வானொலி நிலையம் ஒன்றில் எட்வர்ட் போவ்ஸ் என்பவர் பயிலுநர் கலைஞர்களுக்கான நிகழ்ச்சி ஒன்றை நடத்தத் தொடங்கினார். 'மேஜர் போவ்ஸ்' என்று அறியப்பட்ட அவர் நகரின் கேப்பிட்டல் அரங்கை நிர்வகித்துவந்தவர். 1935 மார்ச்சில் அந்நிகழ்ச்சி என்.பி.சி. வலையமைப்பின் வழியே நாடு முழுவதும் ஒலித்தது. பாடத் தெரிந்தவர், வாயால் பறவையொலி எழுப்புபவர், கரண்டிகளைத் தட்டித் தாளம் போடுபவர் என எவரும் வரலாம். பிடிக்காவிட்டால் சேகண்டி ஒலிக்கும்; பாடுபவர் பாதியில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கேட்பவர்கள் தொலைபேசியிலும் அஞ்சலட்டையிலும் வாக்களித்தனர். இன்றைய போட்டிகளின் உறுப்புகளில் எது அங்கே இல்லை என்று எண்ணிப் பாருங்கள்.

அது பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம். வேலையிழந்தோர் கையிலிருந்ததை விற்றுப் பயணச்செலவு திரட்டி நியூயார்க் வந்துசேர்ந்தனர். வாய்ப்புக் கிட்டாதவர்களில் பலர் நகரின் நிவாரண உதவியை நாட நேர்ந்தது. வானொலியில் தேறியவர்களைப் போவ்ஸ் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து நாடெங்கும் அனுப்பினார். பல்சுவை மேடையான வாடெவில், வானொலியாலும் பேசும் படத்தாலும் நொடித்துக்கொண்டிருந்த நேரம் அது. காலியாகக் கிடந்த அரங்குகளுக்கு இக்குழுக்கள் மலிவான சரக்காயின. தாம் வீட்டிலிருந்து கேட்ட குரலை, தாமே வாக்களித்து ஏற்றிவைத்த முகத்தை, நேரில் காண மக்கள் பணம் கொடுத்தார்கள். வானொலி இலவசம், வருவாய் பாதி விளம்பரத்திலும் பாதி மேடையிலும் இருந்தது.

இக்குழுக்களில் ஒன்றில்தான் பிராங்க் சினாட்ரா இருந்தார். 1935 செப்டம்பர் 8 அன்று 'ஹோபோகன் ஃபோர்' என்ற நால்வர் குழுவில் ஒருவராக அவர் அந்நிகழ்ச்சியில் பாடி வென்றார். பின்னர் போவ்ஸின் பயணக் குழுவொன்றுடன் ஊர் ஊராகச் சென்றார். சில மாதங்களில் அதிலிருந்து விலகி வீடு திரும்பினார். வாழ்க்கை வரலாறுகள் இதை அவருடைய எழுச்சியின் முதற்படியாகவே எழுதுகின்றன. எனக்கோ அவர் விலகியதுதான் கவனத்துக்குரியதாகப் படுகிறது. வாக்கு அவரை மேலேற்றியது. ஆனால் பயணம் அவரைக் கூலிக்குப் பாடும் ஒருவராக, பெயர்ப்பலகையில் போவ்ஸின் பெயருக்குக் கீழே நிற்கும் ஒருவராகவே வைத்திருந்தது. நட்சத்திரம் என்பது அங்கே நிகழ்ச்சியின் பெயர். பாடகர் மாற்றத்தக்க உறுப்பு.

போவ்ஸ் 1946-இல் மறைந்தார். அந்நிகழ்ச்சி 1948-இல் டெட் மேக்கின் தலைமையில் தொலைக்காட்சிக்குச் சென்று 1970 வரை நீடித்தது. இடைப்பட்ட பல பத்தாண்டுகளை இங்கே விரைந்து கடக்கிறேன்.

2001 அக்டோபரில் இங்கிலாந்தின் ஐடிவி-யில் 'பாப் ஐடல்' தொடங்கியது. அதை உருவாக்கிய சைமன் ஃபுல்லர் அடிப்படையில் தொலைக்காட்சிக்காரர் அல்லர். 'ஸ்பைஸ் கேர்ள்ஸ்' குழுவின் மேலாளராக இருந்தவர். இசைக்குழுவைத் திரட்டுவது, பயிற்றுவது, சுற்றுப்பயணம் அனுப்புவது ஆகியவையே அவருடைய தொழில். 2002 பிப்ரவரியில் வில் யங் வென்றார். அடுத்த மாதமே இறுதிச் சுற்றுக்கு வந்த பத்துப் பேரும் பிரித்தானிய நகரங்களின் பெரிய உள்ளரங்குகளில் பாடிக்கொண்டிருந்தனர். அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் அலைவரிசையில் 'அமெரிக்கன் ஐடல்' தொடங்கியது. செப்டம்பர் 4 அன்று கெல்லி கிளார்க்சன் வென்றார். அக்டோபரில் பத்துப் பேரின் பயணம் தொடங்கிவிட்டது. ரசிகரின் நினைவு ஆறுவதற்குள் வண்டி கிளம்ப வேண்டும் என்ற இந்த அவசரம், பயணம் முன்கூட்டியே திட்டமிடப்பட்டது என்பதைக் காட்டுகிறது. போட்டியாளர்கள் மேடையேறுவதற்கு முன்பே கையெழுத்திட்ட ஒப்பந்தங்களில் மேலாண்மை, ஒலிப்பதிவு, கச்சேரி ஆகிய மூன்றும் ஒரே நிறுவன வட்டத்துக்குள் அடங்கியிருந்தன.

அடுத்து வந்த ஆண்டுகளில் இறுதிச் சுற்றுக்குப் பெரும்பாலும் பன்னிருவர் தேர்வாயினர், பயணத்துக்கோ பதின்மர். ஆகவே பதினோராம் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் இடையில் ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்கு இப்பால் இருப்பவருக்கு ஒரு கோடைக்காலம் முழுவதும் வேலை, கூலி, பல்லாயிரவர் கூடும் மேடை. அப்பால் இருப்பவர் மறுநாள் வீடு திரும்பலாம். முதல்வர் யார் என்பதைக் காட்டிலும் இந்தக் கோடே போட்டியாளர் பலரின் பிழைப்பைத் தீர்மானித்தது எனலாம். 2011-ஆம் ஆண்டு நிகழ்ந்தது இதற்குத் தெளிவான சான்று. பதினொருவர் எஞ்சியிருந்த வாரத்தில் கேசி ஆப்ராம்ஸ் மிகக் குறைந்த வாக்குகளைப் பெற்றார். நடுவர்கள் தம் விலக்குரிமையைப் பயன்படுத்தி அவரைக் காத்தனர். அப்படியானால் அடுத்த வாரம் வெளியேறும் இருவரில் ஒருவர் பயணத்தை இழப்பாரே என்ற கேள்வி எழுந்தது. அந்த ஆண்டு பதினொருவருமே பயணம் செல்வர் என்று அந்த மேடையிலேயே அறிவிக்கப்பட்டது. அரங்கில் நின்ற இளைஞர்களின் முகங்களை அப்பதிவில் பாருங்கள். கேசி தப்பியதற்கான மகிழ்ச்சி மட்டுமன்று அது.

பயணக் கச்சேரியின் அமைப்பும் தனித்து ஆராயத்தக்கது. பொதுவாகப் பத்தாம் இடத்தவர் முதலில் பாடுவார். வென்றவர் கடைசியில் வருவார். தரவரிசை ஏற ஏறப் பாடல்களின் எண்ணிக்கையும் கூடும். இடையிடையே குழுப்பாடல்கள். தொலைக்காட்சியில் பல மாதங்கள் நடந்த வெளியேற்றம் இரண்டு மணி நேரத்தில் தலைகீழாக நிகழ்த்திக் காட்டப்பட்டது. வெளியேறியவர் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தனர். இச்சடங்கை உச்ச ஆண்டுகளில் ஒரே கோடையில் 40-க்கும் மேற்பட்ட ஊர்களில் திரும்பத் திரும்பச் செய்தார்கள். பல ஆண்டுகள் இப்பயணங்கள் 'பாப் டார்ட்ஸ்' என்ற தின்பண்டத்தின் பெயரைத் தலைப்பில் சுமந்தே சென்றன. நிகழ்ச்சி முடிந்தபின் பேருந்தருகே தடுப்புக்கு அப்பால் காத்திருக்கும் ரசிகர்களுக்குக் கையெழுத்திட்டுத் தருவதும் எழுதப்படாத பணிகளில் ஒன்றாயிற்று. பாடுவது மட்டுமா உழைப்பு?

இத்தரவரிசை மேடையில் உறைந்து நின்றதே தவிர வரலாற்றில் நிற்கவில்லை. 2004-இல் ஏழாம் இடத்தில் வெளியேறிய ஜெனிஃபர் ஹட்சன் அந்த ஆண்டுப் பயணத்தில் முன்வரிசைப் பாடகர்களுள் ஒருவர் அல்லர். 'ட்ரீம்கேர்ள்ஸ்' படத்துக்காக 2007-இல் ஆஸ்கர் விருதைப் பெற்றார். 2006-இல் நான்காம் இடம்பெற்ற கிறிஸ் டாட்ரியின் இசைத்தட்டு அவ்வாண்டு வென்றவரின் தட்டைக் காட்டிலும் பன்மடங்கு விற்றது. 2009-இல் இரண்டாம் இடம்பெற்ற ஆடம் லாம்பர்ட் பின்னாளில் 'குயின்' குழுவினருடன் உலகெங்கும் பாடலானார்.

வாக்கும் நுழைவுச்சீட்டும் ஒன்றையே அளப்பன அல்ல. வாக்குக்குச் செலவு மிகக் குறைவு, ஒருவரே இரவு முழுவதும் வாக்களிக்கலாம், குறும்புக்காகவும் வாக்களிக்கலாம். 2007-இல் வங்காளித் தந்தைக்குப் பிறந்த சஞ்சயா மலாக்கர் ஏழாம் இடம்வரை வந்ததற்கு, மோசமாகப் பாடுபவருக்கே வாக்களியுங்கள் என்று பரப்புரை செய்த இணையதளமும் ஒரு காரணம் என்று அப்போது பேசப்பட்டது. (அவரை விரும்பிய சிறுமியரும் உண்மையிலேயே பலர் இருந்தனர், அதை மறப்பது அநீதி.) நுழைவுச்சீட்டோ பணம், பயணம், ஒரு மாலைப்பொழுது ஆகிய மூன்றையும் கேட்கிறது. 2012 இறுதிச் சுற்றில் 13.2 கோடி வாக்குகள் பதிவானதாக அறிவிக்கப்பட்டது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே, 2010 கோடையில், சீட்டு விற்பனை மந்தமானதால் சில ஊர்க் கச்சேரிகள் கைவிடப்பட்டிருந்தன. நிகழ்ச்சியின் தேய்வை வாக்கு எண்ணிக்கை மறைத்தது. கச்சேரி அரங்கின் காலி இருக்கைகள் முன்னதாகவே காட்டிவிட்டன. 2015-இல் பயணம் ஐவருடன் சுருங்கியது. ஃபாக்ஸ் அலைவரிசையில் இறுதி ஆண்டான 2016-இல் பயணமே இல்லை. ஏபிசி அலைவரிசையில் போட்டி உயிர்பெற்ற 2018-இல் பயணம் மீண்டபோது, அதைத் தொகுத்து வழங்கச் சென்றவர் 2009-இல் ஆடம் லாம்பர்ட்டை வென்ற கிறிஸ் ஆலன்.

நம் நாட்டில் இந்த வடிவம் ஏன் இதே வலுவுடன் வேரூன்றவில்லை? போட்டிக்குப் பின் கச்சேரிகள் இங்கும் உண்டு, வெளிநாட்டுப் பயணங்களும் உண்டு; எனினும் இந்தியாவில் போட்டியின் இறுதிப் பரிசாக மக்கள் மனத்தில் பதிந்திருப்பது திரைப்படப் பின்னணிப் பாடல். 1950-களின் மெட்ரோ–மர்ஃபி போட்டியில் வென்ற மகேந்திர கபூர் 'நவ்ரங்' படத்தில் பாடி நிலைபெற்றார். 1995-இல் ஜீ தொலைக்காட்சியில் தொடங்கிய 'சா ரே கா மா' நிகழ்ச்சியில் பாடிய சிறுமி ஷ்ரேயா கோஷல் 2002-இல் 'தேவதாஸ்' படத்தின் வழியே அறியப்பட்டார். இங்கே மேடை என்பது திரையில் புகழ்பெற்றவர் பின்னர் வந்து அறுவடை செய்யும் நிலம். போட்டியாளர் அதில் பிறர் பாடலைப் பாடும் விருந்தினர். அமெரிக்கப் போட்டியாளரும் பிறர் பாடலைத்தான் பாடினார். ஆனால் அவருக்கு மேலே திரையுலகம் என்ற உரிமையாளர் இல்லை.

இன்னொரு காரணம் மொழியும் நிலமும். 2007-இல் 'இந்தியன் ஐடல்' மூன்றாம் பருவத்தின் இறுதிக்கு வந்த இருவரும் இந்தித் திரைப்பாடல்களையே பாடினர். ஒருவர் டார்ஜிலிங்கைச் சேர்ந்த, கொல்கத்தாக் காவல்துறையில் காவலராக இருந்த பிரசாந்த் தமாங். மற்றவர் ஷில்லாங்கின் அமித் பால். அவர்களுக்கான ஊர்வலங்களும் நிதி திரட்டலும் வாக்களிப்பு முகாம்களும் போட்டி முடியும் முன்பே தத்தம் மலைநகரங்களில் நடந்தன. ஆய்வாளர் அஸ்வின் புனதாம்பேகர் ஷில்லாங்கில் இனப் பிளவுகளைக் கடந்து அமித் பாலுக்காக மக்கள் திரண்டதை விரிவாக எழுதியிருக்கிறார். மேகாலய அரசு அமித் பாலை நல்லிணக்கத்துக்கான தூதராக அறிவித்தது. செப்டம்பர் 23 அன்று பிரசாந்த் வென்றார். சில நாள்களில், பண்பலை அறிவிப்பாளர் ஒருவர் கோர்க்காக்களைக் காவற்காரர்கள் என்று எள்ளியதைக் கண்டித்து நடந்த ஊர்வலம் சிலிகுரியில் கலவரமாக முடிந்தது, இராணுவம் அழைக்கப்பட்டது. அக்டோபர் 7 அன்று, பிரசாந்துக்கான பரப்புரையை முன்னின்று நடத்திய பிமல் குருங், கோர்க்கா ஜனமுக்தி மோர்ச்சாவைத் தொடங்கினார்.

அமெரிக்காவில் போட்டி முடிந்தபின் நிறுவனம் ரசிகர்களைத் தேடிச் சென்றது. டார்ஜிலிங்கில் ரசிகர்கள் முதலில் திரண்டார்கள். பாடகர் அவர்களிடம் திரும்பி வந்தபோது அங்கு ஓர் அரசியல் இயக்கம் பிறந்திருந்தது. பின்னாளில் பிரசாந்த் நடிக்கச் சென்றதும் மும்பைக்கு அன்று. 2010-இல் வந்த 'கோர்க்கா பல்டன்' என்ற நேபாளித் திரைப்படத்துக்கு. தேசியப் போட்டி தந்த பெயரைக் கொண்டு அவர் சேர்ந்த இடம் நேபாளி மொழியுலகம்.

போட்டிகளைப் பற்றிய ஆய்வுகளில் நடுவர், வாக்கு, அடையாளம் ஆகியவை குறித்து நிறைய எழுதப்பட்டுள்ளன. கச்சேரிப் பயணம் அடிக்குறிப்பிலேயே நிற்கிறது. அதற்கு ஆவணக் குறைவும் காரணம். 2007–08 காலத்தில் டார்ஜிலிங், கலிம்போங், ஷில்லாங், குவாஹாட்டி முதலிய ஊர்களில் நடந்த இத்தகைய கச்சேரிகளின் சுவரொட்டிகள், துண்டறிக்கைகள், நுழைவுச்சீட்டுகள் எவரிடமேனும் இருந்தால், அல்லது அக்கச்சேரிகளில் வாத்தியம் வாசித்த, ஒலியமைத்த, வண்டியோட்டிய எவரையேனும் அறிந்திருந்தால், பின்னூட்டத்தில் பெயர்களை எழுதாமல் தனிச்செய்தியில் தெரிவியுங்கள். சீட்டின் பின்புறம் அச்சிட்ட விலை தெரியும்படி படமெடுத்து அனுப்பினால் பேருதவியாக இருக்கும்.